கடலுக்கு அப்பால் ஏழாண்டு

நம் நாட்டுப் பழைய தண்டனைச் சட்டத்தைத் தமிழில் படித்தவர்களுக்குத் 'தீவாந்தர சிட்சை' என்னும் தொடர் நினைவிருக்கும். 1908-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை அது. மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டபடியால் அவர் அந்தமானுக்குச் செல்லாமல் கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தார். 1955-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டத்தின்படி அந்தச் சொல் நம் சட்டத்தினின்று நீக்கப்பட்டது. 1956 ஜனவரி முதல் நாளிலிருந்து ஆயுட்கால நாடுகடத்தல் என்றிருந்த இடமெல்லாம் ஆயுட்காலச் சிறை என்றாயிற்று. அந்தச் சட்டமே 2024-இல் வேறொரு சட்டத்திற்கு இடம் விட்டு விலகியது.

மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு இத்தகைய சொற்களின் மீது ஒருவகைச் சந்தேகம் எப்போதும் உண்டு. ஆங்கிலத்தில் இந்தத் தண்டனைக்கு இட்ட பெயரின் நேர்ப்பொருள், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லுதல் என்பதுதான். நெல் மூட்டைக்கும் பொருந்தும் சொல் அது. நம் முன்னோரோ 'தீவாந்தரம்' என்றார்கள். வேறு தீவு, கடலுக்கு அப்பாற்பட்ட நிலம் என்ற அச்சம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மூலத்தைக் காட்டிலும் மொழிபெயர்ப்பு உண்மை பேசிய இடங்களுள் இது ஒன்று என்பது என் எண்ணம். ஏன் அவ்வாறு எண்ணுகிறேன் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சியை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். ஆங்கிலேயர் தம் சொந்தக் கிராமத்து இளைஞர்களைக் கடல் கடத்திய கதை இது.

1830 ஆகஸ்டு 28-ஆம் நாள் இரவு, கென்ட் மாவட்டத்தில் கான்டர்பரி நகருக்கு அருகிலுள்ள லோயர் ஹார்டிரஸ் என்ற சிற்றூரில், கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றை விவசாயக் கூலியாட்கள் உடைத்துப் போட்டார்கள். அடுத்த மூன்று மாதங்களில் இந்தச் செயல் தென் இங்கிலாந்து முழுவதும் காட்டுத்தீயாய்ப் பரவியது. சில இடங்களில் வைக்கோற்போர்கள் எரிந்தன. பண்ணைக்காரர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவற்றின் அடியில் 'காப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயர் இருக்கும். அதனால் இந்தக் கலகத்திற்கே ஸ்விங் கலகம் என்று பெயர் வந்தது. அப்படி ஒரு தலைவன் இருந்ததே இல்லை.

ஓர் இயந்திரத்தின் மேல் இத்தனை கோபம் எதற்கு என்று கேட்கலாம். நம் களத்துமேடுகளை அறிந்தவர்களுக்கு விளக்கம் எளிது. அங்கே அறுவடை முடிந்ததும் கோதுமைக் கதிர் கொட்டகைகளில் சேர்ந்துவிடும். நவம்பர் முதல் வசந்தகாலம் வரை, வெளியே பனி பெய்யும் நாட்களில், தோல்வாரால் பிணைத்த இரு கழிகளைக் கொண்டு கதிரை அடித்து மணி பிரிப்பதே ஏழைக் கூலியாளுக்கு இருந்த ஒரே வேலை. முதுகை ஒடிக்கும் வேலைதான். ஆனால் குளிர்காலத்துச் சோறு அதுதான். இயந்திரம் வந்து அந்த வேலையைச் சில வாரங்களில் முடித்துவிட்டது. மிச்சமுள்ள மாதங்களுக்குக் கூலியாள் கோயிற்பற்றின் பிச்சைப் பணத்தை நம்பி நிற்க வேண்டும். பொது மேய்ச்சல் நிலங்கள் பல இடங்களில் முன்னமேயே வேலியிடப்பட்டுவிட்டன. நெப்போலியனோடு நடந்த போர் 1815-இல் முடிந்ததும் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் வேலை தேடி ஊர் திரும்பினார்கள். 1828, 1829 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விளைச்சல் பொய்த்தது. வில்ட்ஷயரில் ஒரு குடும்பத் தலைவனின் வாரக் கூலி ஏழெட்டு ஷில்லிங். நான்கு ராத்தல் ரொட்டி ஒன்றின் விலை ஒரு ஷில்லிங்கிற்குச் சற்றே குறைவு. ஐந்து வயிறுகளுக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம்.

அவர்கள் கேட்டது என்ன? பெரும்பாலான இடங்களில் நாளொன்றுக்கு இரண்டு ஷில்லிங், அல்லது அதற்குச் சற்று மேல். அவ்வளவுதான். ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஜோசப் மேசன் என்பவர், தம் ஊரும் அண்டை ஊர்களும் சேர்ந்து கையெழுத்தும் கைநாட்டும் இட்ட விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த அக்டோபர் மாதத்தில் ஏறத்தாழ அறுபது மைல் தொலைவு பிரைட்டன் நகருக்கு நடந்தே போனார். அரசர் அப்போது அங்கே தங்கியிருந்தார். விண்ணப்பத்தை அரண்மனை வாங்கவில்லை. உள்நாட்டு அமைச்சரின் வழியாக அனுப்பும்படி சொல்லித் திருப்பிவிட்டார்கள். ஜோசப் மேசன் எழுதப் படிக்கத் தெரிந்தவர், கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர். அவரையும் அவர் தம்பி ராபர்ட்டையும் இதே கதையின் பிற்பகுதியில் கைதிக் கப்பலில் காண்போம்.

தொடக்கத்தில் எல்லா நீதிபதிகளும் கடுமை காட்டவில்லை. அக்டோபரில் கான்டர்பரியில் முதன்முதலாக விசாரிக்கப்பட்ட ஏழு பேருக்கு, சர் எட்வர்ட் நாட்ச்புல் என்ற நீதிபதி எச்சரிக்கையும் மூன்று நாட் சிறையும் மட்டும் விதித்தார். அவரை மேலிடத்தில் கடிந்துகொண்டார்கள். நவம்பரில் வெல்லிங்டன் பிரபுவின் ஆட்சி கவிழ்ந்தது. சீர்திருத்தம் பேசிய கிரே பிரபுவின் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஏழைகளுக்கு நற்காலம் பிறந்தது என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். புதிய உள்நாட்டு அமைச்சர் மெல்போர்ன் பிரபு பதவியேற்ற மறுநாளே, குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுப்போருக்கு 500 பவுன் பரிசு என்று அறிவிப்பு வெளியாயிற்று. 500 பவுன் என்பது அந்தக் கூலியாளுக்கு இருபது ஆண்டுக் கூலிக்கும் மேல். கலகத்தை அடக்குவதில் சீர்திருத்தக் கட்சி எவருக்கும் சளைத்ததன்று என்று சொத்துடையோருக்குக் காட்ட வேண்டியிருந்தது போலும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தனை மாவட்டங்களில், இத்தனை வாரங்கள் நடந்த கலகத்தில், கலகக்காரர்கள் ஓர் உயிரையேனும் கொன்றதில்லை. இறந்தவர் உண்டு. நவம்பர் 25-ஆம் நாள் வில்ட்ஷயரில் பைத்ஹவுஸ் என்ற பண்ணையில் குதிரைப் படையினர் பாய்ந்தபோது ஒரு கூலியாள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

டிசம்பரில் வின்செஸ்டர், ரெடிங், சாலிஸ்பரி, டார்செஸ்டர் முதலிய நகரங்களுக்குத் தனி நீதிக் குழுக்கள் அனுப்பப்பட்டன. சட்டத்தின் கணக்கைச் சற்றே கவனிக்க வேண்டும். கதிரடிக்கும் இயந்திரத்தை உடைத்தால் அதிகபட்சம் ஏழாண்டு நாடுகடத்தல். தொழிற்சாலையையோ கட்டடத்தையோ கும்பலாகச் சேர்ந்து இடித்தால் தூக்கு. கும்பலாகப் போய், "ஐயா, இயந்திரத்தை உடைத்த கூலிக்கு ஒரு ஷில்லிங் கொடுங்கள்" என்று கேட்டால் அது கொள்ளை, அதற்கும் தூக்கு. இயந்திரம் உடைத்தபின் பண்ணைக்காரரிடம் காசு கேட்பது அந்தக் கலகத்தில் வழக்கமாகிவிட்டபடியால், ஏழாண்டுக் குற்றம் எளிதில் மரணக் குற்றமாயிற்று. ஒரு ஷில்லிங்கும் இரண்டு ஷில்லிங்கும் வாங்கியவர்கள் வழிப்பறிக்காரர்களோடு ஒரே வரிசையில் நின்றார்கள்.

வின்செஸ்டரில் மட்டும் ஏறத்தாழ 300 பேர் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவன் மைக்கெல்டெவர் என்ற ஊரைச் சேர்ந்த ஹென்றி குக், வயது பத்தொன்பது. கும்பலைத் தடுக்க வந்த பிங்ஹாம் பேரிங் என்ற செல்வரைச் சம்மட்டியால் அடித்தான் என்பது அவன் மேல் குற்றச்சாட்டு. அடி தொப்பியின் விளிம்பில் பட்டது. அவர் சில நாட்களில் நடமாடத் தொடங்கிவிட்டார். பேரிங் குடும்பம் நாடறிந்த வங்கிக் குடும்பம். 1831 ஜனவரி 15-ஆம் நாள் ஹென்றி குக்கை வின்செஸ்டர் சிறையில் தூக்கிலிட்டார்கள். வேறொருவரும் அதே நாளில் அவனோடு தூக்கிலிடப்பட்டார். மற்றக் கைதிகளைச் சிறை முற்றத்தில் நிறுத்தி அதைக் காணச் செய்தார்கள். ஹென்றி குக்கின் கல்லறை மேல் பனி தங்குவதில்லை என்று அந்த ஊரார் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். நம்மூரில் இப்படி இறந்திருந்தால் சுடலையோரம் ஒரு நடுகல் வைத்து, ஆண்டுக்கொரு முறை பொங்கல் படைத்திருப்பார்கள். ஊராருக்கு எது நியாயம் என்று தோன்றியதோ, அதைச் சொல்ல எந்த நாட்டிலும் ஏதோ ஒரு வழி கிடைத்துவிடுகிறது.

மொத்தக் கணக்கு இது. 34 மாவட்டங்களில் விசாரிக்கப்பட்டவர் 1,976 பேர். மரண தண்டனை பெற்றவர் 252 பேர். அவர்களுள் தூக்கிலிடப்பட்டவர் 19 பேர். எஞ்சியோரில் மிகப் பலருக்கு உயிர்ப்பிச்சை என்ற பெயரில் கடற்பயணம் கிடைத்தது. 505 பேருக்கு நாடுகடத்தல் தண்டனை. 481 பேர் உண்மையிலேயே கப்பலேறினார்கள். ஒரே கலகத்திற்காக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு இத்தனை பேரை வேறெப்போதும் அனுப்பியதில்லை. பெரும்பாலோர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் மணமானவர்கள்.

சசெக்ஸ் மாவட்டத்துத் தாமஸ் குட்மன் என்ற இளைஞனின் கதை தனிக் கதை. வயது பதினெட்டு என்பார்கள். வைக்கோற்போருக்குத் தீ வைத்ததாகத் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் கிடந்த அவன், பத்திரிகையாசிரியர் வில்லியம் காபெட்டின் பேச்சைக் கேட்டதால்தான் இப்படிச் செய்தேன் என்று ஒப்புதல் எழுதிக் கொடுத்தான், அல்லது எழுதி வாங்கப்பட்டான். அவன் உயிர் தப்பியது, கடல் கடத்தப்பட்டான். 1831 ஜூலையில் அந்த ஒப்புதலையும் துணைக்கொண்டு அரசாங்கம் காபெட் மேல் வழக்குத் தொடுத்தது. அந்த முதியவர் அமைச்சர்களையே சாட்சிக்கு அழைத்து வழக்காடினார். ஜூரிகள் ஒருமனப்படவில்லை, வழக்கு விழுந்தது. நாவன்மையும் பேனாவும் உள்ளவர் வீடு திரும்பினார். அவருக்கு எதிராகக் கருவியாக்கப்பட்ட பையன் கடலுக்கு அப்பால் போய்விட்டான்.

தண்டனை பெற்றவர்களைப் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில், பாய்மரம் கழற்றப்பட்ட பழைய போர்க்கப்பல்களில் அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து வில்ட்ஷயரைச் சேர்ந்த பீட்டர் விதர்ஸ் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் தம் மனைவிக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. எழுத்துப் பிழைகள் நிறைந்த கடிதம். அவளையும் குழந்தைகளையும் விட்டுப் பிரிய வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சுருகி எழுதுகிறார். தூக்கிலிருந்து தப்பிய மகிழ்ச்சி அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை.

'எலைசா' என்ற கப்பல் 224 பேரை ஏற்றிக்கொண்டு 1831 பிப்ரவரித் தொடக்கத்தில் புறப்பட்டது. அதன்பின் சில நாட்களில் ஹென்றி ஹன்ட் என்ற உறுப்பினர், இந்தக் கூலியாட்களுக்குப் பொதுமன்னிப்பு அளிக்க வேண்டுமென்று பாராளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கு ஆதரவாக விழுந்தவை இரண்டே வாக்குகள். கப்பல் அப்போது நடுக்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 112 பேரோடு 'புரோட்டியஸ்' என்ற கப்பலும் 'எலைசா' போன வழியே சென்றது. அவ்விரண்டும் போய்ச் சேர்ந்த இடம் வான் டீமன் நாடு, அதாவது இன்றைய டாஸ்மேனியா. 'எலினார்' என்ற கப்பல் 133 பேரை நியூ சௌத் வேல்ஸுக்குக் கொண்டு போயிற்று. மேசன் சகோதரர்கள் அதில் இருந்தார்கள். பயணம் நான்கு மாத காலம்.

அங்கே சேர்ந்ததும் கைதிகளைக் குடியேற்றக்காரர்களின் பண்ணைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். உழவும் தச்சும் கொல்லும் அறிந்த இந்த மனிதர்களுக்கு அங்கே நல்ல கிராக்கி. திருடர்களையும் போக்கிரிகளையும் பார்த்துச் சலித்திருந்த எசமானர்களுக்கு இவர்கள் புதையல் போல் கிடைத்தார்கள். இவர்களின் ஒழுக்கத்தைக் குறித்து ஆளுநர் ஜார்ஜ் ஆர்தரே நற்சான்று கூறினார். அவரே பிற்காலத்தில் மற்றொன்றும் சொன்னார்: வந்து சேர்ந்த சிறிது காலத்திலேயே இவர்களுள் சிலர் இறந்துபோனார்கள், நோய் என்று ஒன்று இருந்தாலும், மனமுடைவும் அவமானமுமே அதற்குக் காரணம் என்று அவருக்குத் தோன்றியதாம். தண்டித்த அரசாங்கத்தின் பிரதிநிதி வாயிலிருந்து வந்த சொல்லாதலால் இதற்கு ஒரு கனம் உண்டு.

1835-லிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இவர்களுள் பெரும்பாலோருக்கு மன்னிப்பு வந்துவிட்டது. ஆயுட்காலத் தண்டனை பெற்றவர்களும் அதில் அடங்குவர். தாளின் மேல் பார்த்தால் அரசாங்கம் கருணை காட்டியதாகவே தோன்றும். ஆனால் மன்னிப்புக் கடிதத்தோடு கப்பற்சீட்டு வரவில்லை. பன்னிரண்டாயிரம் மைல் தொலைவு வந்தவன் தன் கைக்காசில் திரும்பிப் போக வேண்டும். கூலியாளின் சேமிப்பில் அது நடக்கிற காரியமா? ஊர் திரும்பியவர்கள் மிகமிகச் சிலர். கணவரைத் தேடிக் கடல் கடந்து போய்ச் சேர்ந்த மனைவியரும் மிகச் சிலரே. ஆக, நீதிபதி வாயால் சொன்னது ஏழாண்டு. கடல் கொடுத்தது ஆயுள். தீர்ப்பு எழுதியவர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும் என்றே நான் நினைக்கிறேன். முதற் கைதிக் கப்பல்கள் 1788-இல் சிட்னியை அடைந்தன. நாற்பது ஆண்டு அனுபவம் அவர்களுக்கு இருந்தது. போனவன் வரமாட்டான் என்பதை அறிந்தே ஏழாண்டு என்று எழுதினார்கள்.

அரசாங்கம் விரும்பியிருந்தால் திருப்பி அழைத்துவரவும் முடியும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 1834-இல் டார்செட் மாவட்டத்தில் டால்பட்டில் என்ற ஊரில், கூலியைக் காக்கச் சங்கம் அமைத்து இரகசியப் பிரமாணம் செய்ததற்காக ஆறு பேர் ஏழாண்டு நாடுகடத்தப்பட்டார்கள். அப்போதும் உள்நாட்டு அமைச்சர் மெல்போர்ன்தான். லண்டன் தெருக்களில் பெருங்கூட்டம் திரண்டது, விண்ணப்பங்கள் குவிந்தன. 1836-இல் மன்னிப்பு கிடைத்தது, அரசுச் செலவில் கப்பலும் கிடைத்தது; சில ஆண்டுகளுக்குள் ஆறு பேரும் தாயகம் திரும்பினார்கள். டால்பட்டில் தியாகிகள் என்று தொழிலாளர் இயக்கம் அவர்களை இன்றும் போற்றுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னே போன 481 பேருக்காகத் தெருவில் இறங்க எந்தச் சங்கமும் இருக்கவில்லை. அவர்கள் இயந்திரத்தை உடைத்தவர்கள். கைகளில் சம்மட்டி ஏந்தியவர்கள். அப்படிப்பட்டவருக்காக வாதாட நாகரிக மனிதர்கள் தயங்குவது எந்தக் காலத்துக்கும் பொதுவானதுதான்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1801-இல் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டபின், 1802-இல் கும்பெனியார் அவர்களைச் சார்ந்தவர்கள் பலரைப் பினாங்குத் தீவுக்குக் கடத்தினார்கள். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியும் அவர்களுள் ஒருவர். அங்கே விசாரணை என்ற சடங்குகூட இல்லை. 1818-இல் பினாங்குக்குச் சென்ற வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒருகாலத்தில் தமக்கு அறிமுகமாயிருந்த அந்தப் பிள்ளையை, வயதுக்கு மீறி மூப்படைந்த மனிதராய்க் கண்டு அடையாளம் தெரியாமல் திகைத்தார். பின்னர் அதைத் தம் நூலில் எழுதினார். சிவகங்கையில் நடந்ததும் வில்ட்ஷயரில் நடந்ததும் வெவ்வேறு காரியங்கள். கடல் மட்டும் ஒரே வேலையைச் செய்தது.

ஜோசப் மேசன் திரும்பி வந்த சிலருள் ஒருவர். 1837-இல் ஊர் வந்து சேர்ந்து, தாம் கண்டதையெல்லாம் பொறுமையாக எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப்படி 1996-இல்தான் அச்சாகி வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் மண், மரம், பயிர், ஆதிக்குடிகள், எசமானர்கள் என்று ஓர் உழவனின் கண்ணோடு பார்த்து எழுதியிருக்கிறார்.

மற்றவர்களின் சரித்திரம் கைதிப் பதிவேடுகளில் இருக்கிறது. டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபர்ட்டில் அவை பாதுகாக்கப்படுகின்றன. 2007-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஆஸ்திரேலியக் கைதிப் பதிவேடுகளை உலக நினைவேடுகளின் பட்டியலில் சேர்த்தது. கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவனையும் நிறுத்தி, உயரம், தலைமயிரின் நிறம், கண்ணின் நிறம், உடம்பில் உள்ள தழும்பு, பச்சை குத்திய எழுத்து, தெரிந்த தொழில் என்று எழுத்தர் குறித்துக்கொண்டே போவார். செய்த குற்றம் என்ன என்று கைதியையே கேட்டு எழுதுவார். இயந்திரம் உடைத்தேன் என்று ஒருவன் பின் ஒருவனாகச் சொல்லியிருக்கிறார்கள். மணமானவனா, எத்தனை குழந்தைகள், மனைவி எந்த ஊரில் இருக்கிறாள் என்பதையும் கேட்டு அந்த எழுத்தர் பதிந்திருக்கிறார். இன்று ஆஸ்திரேலியாவில் தம் முன்னோரைத் தேடி வருகிறவர்கள், ஒரு கிராமத்தின் பெயரையும் ஒரு மனைவியின் பெயரையும் அந்த வரியில் படிக்கிறார்கள். தாங்கள் அந்த மனைவியின் வழியில் வந்தவர்கள் அல்லர், இந்தக் கரையில் பின்னர் மணந்துகொண்ட வேறொருத்தியின் வழியில் வந்தவர்கள் என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவருகிறது.